திறப்புக் காப்பவர்களுக்கு ஒரு வாழ்த்து

மட்டக்களப்பு வாவியின் இரு கரையிலும் பாடசாலை அலுமாரிகளைக் கட்டிக்காக்கும் பெரியோர்களே, உங்களை வாழ்த்துகிறேன். உங்கள் பொறுப்பில் வந்த ஆங்கிலக் கதைப்புத்தகம் எதுவும் தொலைவதில்லை. அதன் மூலை மடிவதில்லை. பதிவேட்டிலுள்ள எண்ணிக்கையும் தட்டிலுள்ள எண்ணிக்கையும் ஆண்டுதோறும் ஒத்துப்போகின்றன. கணக்காய்வுக்கு யார் வந்தாலும் நிமிர்ந்து நிற்கிறீர்கள். 1978இன் சூறாவளியையும் 2004இன் ஆழிப்பேரலையையும் கண்ட கரை இது. காற்றிடமிருந்தும் கடலிடமிருந்தும் காக்கவேண்டிய புத்தகங்களைப் பிள்ளைகளிடமிருந்தும் காத்தீர்களே, அந்த விழிப்பு வேறு யாருக்கு வரும்?

ஆங்கிலக் கட்டுரையைக் கரும்பலகையில் முழுதாக எழுதிப் பாடமாக்கக் கொடுக்கும் ஆசான்களே, உங்களுக்கும் வாழ்த்து. சாதாரண தரப் பரீட்சைக்கு என்ன தலைப்பு வரும் என்று முன்கூட்டியே கண்டுவிடுகிறீர்கள். எழுவான்கரைப் பிள்ளையும் படுவான்கரைப் பிள்ளையும் உங்கள் தயவில் சுற்றுலாக் கட்டுரையில் ஒரே பஸ்ஸில் நுவரெலியா போய், ஒரே குளிரில் நடுங்கி, ஒரே மகிழ்ச்சியோடு வீடு திரும்புகிறார்கள். இப்படியொரு சமத்துவத்தை எந்த அரசும் தந்ததில்லை. வாசிப்பின் பயனைப் பற்றிய கட்டுரையில் ஆங்கில எழுத்தாளர் பேக்கனின் வரி தவறாமல் நிற்கிறது. ஒரு கதைப்புத்தகத்தையும் முடித்திராத பிள்ளை அதைப் பிழையின்றி எழுதுகிறது. தலைப்புச் சற்று மாறிவிட்டால் பேனையை மூடிவைத்துவிட்டு இருக்கிறது. தனக்குத் தராத எதையும் தொடாத அந்த ஒழுக்கம் நீங்கள் ஊட்டியது.

பிஜித் தீவுக்காரருக்கு இந்தக் கட்டுப்பாடு இருக்கவில்லை. 1980இல் வார்விக் எல்லி, பிரான்சிஸ் மங்குபாய் என்ற இரு ஆய்வாளர்கள் அங்கே கிராமப் பாடசாலைகளின் 4ஆம், 5ஆம் வகுப்புகளில் வகுப்புக்கு 250 அளவில் ஆங்கிலக் கதைப்புத்தகங்களைக் கொண்டுபோய்க் கொட்டினார்கள். பிள்ளைகள் கதைக்காகவே வாசித்தார்கள். முதலாண்டில் வாசிப்பு வளர்ந்தது. இரண்டாம் ஆண்டில் எழுத்தும் கூடவே வளர்ந்தது. விரும்பி வாசிக்கும் பிள்ளையிடம் ஒரு சொற்றொடர் இருபது கதைகளில் இருபது முறை வந்து சேர்கிறது. எழுத உட்காரும்போது அதைத் தேடவேண்டியதில்லை. இதே முறை பின்னாளில் இலங்கையின் சிறிய பாடசாலைகள் சிலவற்றிலும் பலன் தந்தது. அவ்வளவு அருகே வந்த செய்திக்கும் அசையாத உங்கள் உறுதியை என்னவென்று புகழ்வேன்!

காரைதீவில் 1892இல் பிறந்து, பின்னாளில் 'பிரபுத்த பாரத' என்ற ஆங்கில இதழுக்கு ஆசிரியராக இருந்த விபுலானந்த அடிகளுக்கு மாலை போடவும் நீங்கள் மறப்பதில்லை. ஒக்டோபரில் தேசிய வாசிப்பு மாதம் வந்தால் பதாகை கட்டுகிறீர்கள், ஊர்வலம் விடுகிறீர்கள், வாசிப்பைப் பற்றிப் பேச்சுப்போட்டி வைக்கிறீர்கள். வாசிப்பதற்கு மட்டும் அந்த மாதத்தில் நேரம் கிடைப்பதில்லை. நவம்பர் பிறக்கும்போது எல்லாப் புத்தகமும் அதனதன் இடத்தில் இருக்கிறது.

இத்தனை பெருமையும் உங்களுக்கே இருக்கட்டும். பிள்ளைகளுக்காக ஒன்று மட்டும் கேட்கிறேன். ஒரேயொரு தவணைக்கு உங்கள் கணக்குப் பிழைக்கட்டும். நாலு புத்தகம் தொலையட்டும், பத்துப் புத்தகம் கிழியட்டும். வாசித்த பிள்ளை தன் வாவியையும் தன் வயலையும் பற்றி எழுதும் முதல் ஆங்கிலப் பந்தியில் வரிக்கொரு பிழை இருக்கட்டும். அந்தப் பிழைகளாவது அதன் சொந்தமாக இருக்கும். திருத்திக்கொடுக்க நமக்கும் ஏதோவொன்று கிடைக்கும்.