கருவி நுழையும் இடத்திலிருந்து ஒரு மனு

அனுப்புநர்: சாய்வு நாற்காலியில் வாய் பிளந்து மல்லாந்திருக்கும் நோயாளி
பெறுநர்: பல் மருத்துவத்துக்குத் தரம் வகுக்கும் ஐஎஸ்ஓ தொழில்நுட்பக் குழு 106
பொருள்: வாயையும் ஒரு வார்த்தை கேட்கக் கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா, அம்மா,

வாய்க்குள் விடும் சின்னக் கண்ணாடிக்கென்றே 9873 என்று எண் போட்டு ஒரு தரநூல் வைத்திருக்கிறீர்கள். எங்கள் ஊர்ப் பாலத்துக்குக்கூட யாரும் இவ்வளவு அக்கறை காட்டியதில்லை. ஆகவே கண்ணாடியிலிருந்தே தொடங்குகிறேன்.

வாய் ஈரமான இடம். சூடான மூச்சு வந்து போகும் வழி. குளிர்ந்த கண்ணாடியை அங்கே நீட்டினால் ஆவி படியத்தான் செய்யும். உடனே டாக்டர் அதை என் கன்னத்தின் உட்புறத்தில் தேய்த்துக்கொள்கிறார். எச்சில் பூசினால் ஆவி படியாது என்பது உண்மைதான். ஆனால் அந்தக் கணக்கில் இக்கருவியின் துடைப்பான் நானல்லவா? உதிரிபாகப் பட்டியலில் என் கன்னத்தையும் சேர்த்துவிடுங்கள்.

அதோடு விட்டதா? பல்லைக் குடையும் ஏரோட்டர் ஓடும்போது பல் சூடேறாமலிருக்கத் தண்ணீர் பீய்ச்சும். அதில் பாதி கண்ணாடி மேல்தான். மேல் கடைவாய்ப்பல்லைக் கண்ணாடியில் பார்த்தே குடைய வேண்டியிருப்பதால், அடைமழையில் வைப்பர் இல்லாத பஸ்ஸை ஓட்டுவதுபோல டாக்டர் உத்தேசமாக ஓட்டுகிறார். பயணி என் நரம்பு.

மலிவுக் கண்ணாடியில் பூச்சு பின்புறம் இருக்கும். கண்ணாடிப் பரப்பில் ஒன்று, பூச்சில் ஒன்று என ஒரே சொத்தை இரண்டாகத் தெரியும். எந்தச் சொத்தைக்கு பில் என்பதைக் குழுதான் தெளிவுபடுத்த வேண்டும். முன்புறம் ரோடியம் பூசியதில் பிம்பம் ஒன்றே. சீக்கிரம் கீறல் விழும், அவ்வளவுதான். தண்ணீரை உதறியெறியச் சுழலும் கண்ணாடி வந்துவிட்டது. விளக்கு பொருத்தியதும் உண்டு. எல்லாம் விற்பனைக்கு வந்துவிட்டன, என் வாய்க்குத்தான் இன்னும் வரவில்லை.

அடுத்தது சத்தம். 1957இல் ஜான் போர்டன் ஏரோட்டரைக் கொண்டுவந்தார். காற்றின் விசையில் நிமிடத்துக்கு 3, 4 லட்சம் சுற்று. பெல்ட் மாட்டிக் குடைந்த காலத்தை நினைத்தால் அவருக்குக் கோயிலே கட்டலாம். ஆனால் அந்தக் கீச்சொலி, மனைவிக்குத் துணையாக வந்து வெளியே பேப்பர் படிப்பவரின் பல்லையும் கூசவைக்கிறது. மின்மோட்டாரில் ஓடும் கைக்கருவி இவ்வளவு கத்தாது. ஆனால் கனமாம்; டாக்டரின் மணிக்கட்டு வலிக்குமாம். நியாயமான கவலைதான். மணிக்கட்டுக்கு வாய் இருக்கிறது, என் வாய்க்குத்தான் இல்லை.

பல்லைத் துழாவும் கூர்முனைக் கம்பியான ப்ரோப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். சொத்தை தொடங்கும் எனாமலில் அதை அழுத்திக் குத்தினால், பலவீனமான மேற்பரப்பு உடையக்கூடும். சொத்தை இருக்கிறதா என்று தேடப்போய் நாமே வைத்துவிட்டு வரலாம். உலக சுகாதார நிறுவனத்தின் ப்ரோப் முனையில் 0.5 மில்லிமீட்டர் உருண்டை இருக்கிறது. அந்த அரை மில்லிமீட்டர் கருணை எல்லா டாக்டர் தட்டிலும் கிடைக்க ஆவன செய்க.

கடைசியாக ஒன்று. அடுத்த கூட்டத்தை மேசையைச் சுற்றி நடத்த வேண்டாம். உறுப்பினர்கள் அனைவரும் மல்லாந்து படுத்து, வாயில் சக்‌ஷன் மாட்டிக்கொண்டு, கண்ணில் விளக்கடிக்க விவாதிக்கட்டும். ஆட்சேபம் உள்ளவர் இடக்கையைத் தூக்கலாம். தலைவர், “இதோ முடிஞ்சிருச்சு, இன்னும் கொஞ்சம் நல்லா திறங்க” என்று சொல்லிவிட்டு அடுத்த தீர்மானத்துக்குப் போவார்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
ஆ...