ஒதவும் அம்மாயி

ஹட்டன் பக்கம் போனாலும் கந்தப்பளைப் பக்கம் போனாலும் லயத்துக்கு ஒருத்தி இருப்பாள். பிறப்புப் பத்திரத்தில் ஒரு பெயர், செக்ரோலில் ஒரு பெயர், ஐடென்டி கார்டில் இன்னொரு பெயர் என்று ஆளுக்கொன்று எழுதி வைத்ததால், எந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டாலும் உடனே திரும்பமாட்டாள். லயத்துப் பிள்ளைகள் வைத்ததுதான் நிலைத்தது: ஒதவும் அம்மாயி. யார் எதை வீசப் போனாலும், “குடு இப்புடி, எதுக்காச்சும் ஒதவும்” என்று கை நீட்டுவதால் வந்த பட்டம்.

காம்பரா 10 அடிக்கு 12 அடி. அலுமாரி என்றொரு பொருள் உலகத்தில் உண்டென்று அறியாத வெள்ளைக்காரன் கட்டியது. அதனால் சுவருக்குச் சுவர் இழுத்த கொடிதான் அவளுக்கு அலுமாரி. அடியில் கலியாணச் சேலை, அதன் மேல் தீபாவளிச் சேலைகள் வருஷ வரிசையில், அதற்கும் மேலே கம்பளி, உச்சியில் பேரனின் ஈரச் சட்டை. இந்தக் குளிரில் எதுவும் காய்வதில்லை. காயாததை மடிக்க முடியாது. ஆகவே மடித்து வைக்கவில்லையென்று அவளை யாரும் குறை சொல்ல முடியாது.

கட்டிலுக்கு அடியில் உரப்பைகள், பால்மா டின்கள், மூடியில்லாத ஜேம் போத்தல்கள். கைப்பிடி இல்லாத குடை ஒன்றும் குடை இல்லாத கைப்பிடி ஒன்றும் உண்டு. இரண்டும் ஒன்றுக்கொன்று பொருந்தாது என்பது அவளுக்கும் தெரியும்.

கொழும்பில் கடையில் வேலை பார்க்கும் பேத்தி தீபாவளிக்கு வந்தாள். யப்பான் தேசத்து மரி கொண்டோ என்ற அம்மாள் சொன்னபடி, ஒவ்வொரு சாமானையும் கையில் எடுத்து இது சந்தோசம் தருதா என்று பார்க்க வேண்டுமாம், தராவிட்டால் வீசிவிட வேண்டுமாம். தேய்ந்துபோன கவ்வாத்துக் கத்தியை எடுத்து நீட்டினாள். அம்மாயி அதைப் பிடுங்கிக் கட்டிலடியில் செருகினாள்.

“சந்தோசத்துக்காகவாடி வீட்டுல சாமான் வக்கிறது?”

தீபாவளிக்குச் சுவர் வெளுக்கும்போது எல்லா வீட்டுச் சாமானும் இஸ்தோப்புக்கு வரும். மற்ற வீடுகளில் உள்ளே திரும்பிப் போவது குறைவாக இருக்கும். இவள் வீட்டில் கூடுதலாக இருக்கும், பக்கத்து வீடுகளில் குறைந்ததெல்லாம் சேர்ந்து.

ஆனால் அந்தக் குப்பையிலும் ஒழுங்காக ஒன்று உண்டு: பூட்டிய தகரப் பெட்டி. உள்ளே கடதாசிகள். அவளுடைய அப்பன் பழக்கிவிட்ட வியாதி இது. 1948-இல் பிரசாவுரிமைச் சட்டம் வந்து தோட்டத்துச் சனத்தை நாடற்றவராக்கியது. மறுவருஷச் சட்டத்தின்படி பிரஜையாவதென்றால், 1946 ஜனவரி 1-க்கு முன்னால், கலியாணமானவர் 7 வருஷமும் மற்றவர் 10 வருஷமும் விடாமல் இந்த நாட்டில் இருந்ததைக் காட்ட வேண்டும். மழையில் நனைந்து கொழுந்து பறித்தது கணக்கில் வராது, கடதாசி வேண்டும். வீசியவர்கள் பாடு திண்டாட்டம்தான். அப்பன் அதைக் கண்ணால் பார்த்தவர்.

பிறகு 1964-இல் இலங்கைப் பிரதமர் சிறிமாவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் ஆளைப் பிரித்தார்கள். 5 இலட்சத்து 25 ஆயிரம் பேர் இந்தியாவுக்கு, 3 இலட்சம் பேர் இலங்கைக்கு. மிச்சம் 1 இலட்சத்து 50 ஆயிரம் பேரை என்ன செய்வதென்று தெரியாமல், அம்மாயி கட்டிலடியில் ஒதுக்குவதைப் போலவே, அப்புறம் பார்க்கலாம் என்று ஒதுக்கி வைத்தார்கள். 1974-இல்தான் எடுத்துப் பார்த்துப் பாதிப் பாதியாகப் பிரித்தார்கள். நாடுகளை யாரும் ஒதவும் நாடு என்று கேலி செய்வதில்லை.

இந்தியாவுக்குப் போக, அழுகையோடு புறப்படும் ஒப்பாரிக் கோச்சி ஏறியவர்கள் ஆட்டுக்கல்லையும் குத்துவிளக்கையும் யாரிடம் விட்டுப்போவார்கள்? எதையும் வீசாத வீட்டில்தான். கால்வாசிச் சாமான் அவளுடையதே இல்லை. பேத்தி கேட்டால், “கேட்டு வந்தா என்னத்தைக் குடுக்கிறது?” என்பாள். அவர்களை ஏற்றிப்போன தலைமன்னார்க் கப்பலே 1984-இல் நின்றுவிட்டது என்றால், “கப்பல்தானே நின்னுச்சு” என்பாள்.

2003-இல் சட்டம் வந்து பிரசாவுரிமைப் பிரச்சினை தீர்ந்தது என்றார்கள். அம்மாயி பெட்டியைத் திறக்கவில்லை. கடதாசி இன்னும் ஒதவும் என்று அவள் நினைத்தது சரி. இப்போதும் சேமலாப நிதிக்கோ பெயர்ப் பிழைக்குச் சத்தியக் கடதாசிக்கோ ஏதாவது தேவையென்றால், சுத்தமான வீட்டுக்காரர்கள் இருட்டின பிறகு மெதுவாக வருவார்கள். “அம்மாயி, எங்கப்பாவோட சம்பளத் துண்டு ஒண்ணு...” இருக்கும். அவர்களே தீபாவளிக்கு வீசியதுதான். ஒரிஜினலைக் கொடுக்கமாட்டாள். டவுனுக்குக் கூடவே போய்க் கொப்பி அடிக்கச் சொல்வாள். ரெண்டு. ஒன்று அவளுக்கு.

இந்திய வீட்டுத் திட்டத்தில் 7 பேர்ச் காணியில் 550 சதுர அடி வீடு கிடைத்தது. மகன் இரும்பு அலுமாரி வாங்கிக் கொடுத்தான். மேலே ஒட்டிய பொலித்தீனை உரிக்கவிடவில்லை, புதுசு பழுதாகிவிடுமாம். சாமானெல்லாம் அதைச் சுற்றித் தரையில். அடுத்த தீபாவளிக்கு வந்த பேத்தி, சாவியைத் தேடிப் பிடித்துத் திறந்தாள். உள்ளே துணி இல்லை, கடதாசி இல்லை. அலுமாரி வந்த அட்டைப்பெட்டி, நாலாக மடித்து, கயிறு கட்டி.

“இத ஏன் ஆயா வச்சிருக்க?”

“நாளைக்கு எங்கயாச்சும் போகச் சொன்னா, அலுமாரிய எதுலடி வச்சுக் கொண்டுபோறது?”