முதலில் இரண்டு காரை இடித்துக் காட்டு

காருக்கு சேசிஸ், அதாவது அடிச்சட்டம், கட்ட என்ன செலவாகும்? புதுக்கோட்டை மாவட்டத்தில் கீரனூரிலோ கந்தர்வகோட்டையிலோ ஏதாவது ஒரு வெல்டிங் பட்டறையில் கேட்டுப்பாருங்கள். “எத்தனை கிலோ வரும்?” என்று திருப்பிக் கேட்பார்கள். அவ்வளவுதான் கணக்கு. ஓர் அங்குல ஸ்கொயர் பைப், 1.6 மில்லிமீட்டர் கனம், 20 அடி நீளம் ஒன்று ஏழு கிலோ சொச்சம் இருக்கும். இரண்டு பேர் உட்காரும் சின்ன காருக்கு ஏழெட்டு நீளம் போதும். கிலோ 80 ரூபாய் என்று வைத்தாலும் பைப்புக்கு 5,000 ரூபாயைத் தாண்டாது. தகடு, ராடு, கட்டிங் வீல், கரண்ட், வெல்டருக்குப் பத்து நாள் கூலி என்று எல்லாவற்றையும் கூட்டினாலும் 20,000 ரூபாயை ஒட்டி முடிந்துவிடும். ஒரு நடுத்தர செல்போன் விலை.

மலிவு என்பதால் எளிது என்று நினைத்துவிட வேண்டாம். பைப்பை வெட்டி வைத்து ஒரே மூச்சில் பற்றவைத்தால் சூட்டில் இழுத்துக்கொள்ளும். வேலை தெரிந்தவர் முதலில் மூலைக்கு மூலை புள்ளி மட்டும் வைப்பார். டேப்பை எடுத்து எதிரெதிர் மூலைகளைக் குறுக்காக அளப்பார். இரண்டு குறுக்களவும் ஒன்றாக வந்தால்தான் கோணல் இல்லை என்று பொருள். 3 மில்லிமீட்டர் வித்தியாசம் வந்தாலும் புள்ளியை உடைத்துவிட்டு மறுபடியும் ஆரம்பம். பிறகு வலது பக்கம் கொஞ்சம், இடது பக்கம் கொஞ்சம் என்று மாற்றி மாற்றிப் பற்றவைப்பார். முன் சஸ்பென்ஷன் மாட்டும் இடம் இரு பக்கமும் ஒரே அளவில் அமையாவிட்டால் வண்டி ஆயுசு முழுக்க ஒரு பக்கமாகவே இழுக்கும், டயர் ஓரம் தேயும். இந்தப் பொறுமைக்கு எந்தக் கடையிலும் பில் கிடையாது.

எஞ்சினுக்குக் காயலான் கடையில் பழைய ஆம்னி வேன் கிடைக்கும். 796 சிசி எஞ்சின், பின்சக்கரத்துக்கு விசை போகும் அமைப்பு. சொந்தமாகக் கார் கட்டுகிறவனுக்கென்றே மாருதி கம்பெனி அறியாமல் செய்த உபகாரம் அது. ஸ்டியரிங், பிரேக், கியர்பாக்ஸ் எல்லாம் அதிலேயே வந்துவிடும்.

இதுவரை நடந்தது இரும்புச் செலவு. இனி வரப்போவது காகிதச் செலவு.

கட்டிய வண்டியை டிஎன் 55 என்ற நம்பரோடு ரோட்டில் இறக்க ஆசைப்பட்டு வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்துக்குப் போகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். பதிவு செய்யப் படிவம் 20. அதோடு விற்பனைச் சான்று, அது படிவம் 21. யார் விற்றது? கட்டியவனும் நான், ஓட்டப்போகிறவனும் நான். எனக்கு நானே விற்று, எனக்கு நானே ரசீது கிழித்து, பேரம் பேசி நானே எனக்குக் கொஞ்சம் தள்ளுபடியும் கொடுத்துக்கொள்ள வேண்டியதுதான். அடுத்தது படிவம் 22. வண்டி சாலையில் ஓடத் தகுதியானது என்று தயாரிப்பாளர் கொடுக்கும் சான்று. தயாரிப்பாளர் என்பவர் யார்? மத்திய மோட்டார் வாகன விதி 126-ன்படி தன் மாதிரி வண்டியைப் புனேயின் ஏஆர்ஏஐ, நம் ஒரகடத்தின் ஜிஏஆர்சி மாதிரியான சோதனைக்கூடம் ஒன்றில் கொடுத்துத் தேறியவர்.

சரி, கொடுப்போம். அங்கேதான் வேடிக்கை. கார் என்றால் மோதல் சோதனை உண்டு. மணிக்கு 56 கிலோமீட்டர் வேகத்தில் முன்பக்கத்தின் ஒரு பகுதியைத் தடுப்பில் மோதுவார்கள். பக்கவாட்டில் 50 கிலோமீட்டர் வேகத்தில் ஒரு தள்ளுவண்டியை விட்டு இடிப்பார்கள். இரண்டும் தனித்தனிச் சோதனை, இரண்டுக்கும் வண்டி நசுங்கும். நீங்கள் கட்டியதோ ஒன்று. ஆக, ஒரு காரை ஓட்ட வேண்டுமென்றால் முதலில் இரண்டு காரைக் கட்டி அரசாங்கத்தின் கண்முன் இடித்துக் காட்ட வேண்டும். மூன்றாவதாகக் கட்டியதில் ஏறி அறந்தாங்கிச் சந்தைக்குப் போகலாம். ஏர்பேக், ஏபிஎஸ், பிஎஸ்-6 புகைச் சோதனை எல்லாம் தனி. லட்சம் கார் விற்கும் கம்பெனிக்கு இந்தச் செலவு கார் ஒன்றுக்குச் சில்லறை. ஒரே ஒரு கார் கட்டியவனுக்கு இது குடும்பத்தை விற்கிற செலவு.

விதிக்கு விலக்கே இல்லையா என்றால், உண்டு. 2018-ல் மத்திய அரசு அறிவித்தது. வெளிநாட்டில் சோதித்துத் தேறிய காரை, கம்பெனி ஒன்று ஆண்டுக்கு 2,500 வரை, இந்தியச் சோதனை இல்லாமலே இறக்கிக்கொள்ளலாம். எண்ணிக்கை குறைவு, அதற்காக மறுபடி சோதிப்பது வீண் செலவு என்பது நியாயம். நல்ல நியாயம்தான். 2,500 குறைவென்றால் ஒன்று என்பது என்ன எண்ணிக்கை?

சான்று இல்லாமல் ஓட்டினால்? பதிவில்லாத வண்டிக்கு 192-வது பிரிவு, முதல் தடவை 5,000 ரூபாய் வரை அபராதம். பழைய ஆம்னியின் உடம்பைக் கழற்றி வேறு உடம்பு மாட்டினேன் என்றால் 2019-ல் சேர்த்த 182ஏ பிரிவு காத்திருக்கிறது: ஒரு மாற்றத்துக்கு 5,000 ரூபாய், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். ஒரு மாற்றத்துக்கு என்பதைக் கவனியுங்கள். தலை முதல் கால் வரை மாற்றமாகவே இருக்கும் வண்டிக்குப் போல்ட்டை எண்ணித்தான் தண்டனை போட வேண்டும். கார்க் கம்பெனி வந்தால் நிலம், மின்சாரம், வரிச்சலுகை என்று ரத்தினக் கம்பளம் விரிக்கிற அதே கை, வெல்டர் வந்தால் அபராதப் புத்தகத்தைத் தேடுகிறது.

ஆனால் பாராட்டில் மட்டும் குறை வைக்க மாட்டார்கள். பழைய இரும்பில் கார் கட்டிய இளைஞர் என்று பேப்பரில் படம் வரும். பிரமுகர் வந்து பொன்னாடை போர்த்துவார், ஸ்டியரிங்கைப் பிடித்து போட்டோ எடுத்துக்கொள்வார். “இவரைப் போன்றவர்களால்தான் நாடு முன்னேறும்” என்பார். மறுநாள் அந்த இளைஞர் காரை முக்கத்துக்கு ஓட்டிப் போனால் போலீஸ்காரர் கேட்கும் முதல் கேள்வி, “ஆர்சி எங்கே?” மகாராஷ்டிர மாநிலம் சாங்க்லி மாவட்டத்தில் ஒரு கொல்லர் சுமார் 60,000 ரூபாயில் குட்டி ஜீப் ஒன்றைக் கட்டினார். 2021 டிசம்பரில் தொழிலதிபர் ஆனந்த் மஹிந்திரா அதைப் பார்த்து வியந்தார். விதிகளை மீறுவதால் அதிகாரிகள் இதை என்றாவது நிறுத்திவிடுவார்கள் என்று அவரே சொல்லி, அதை வாங்கிக்கொண்டு பதிலுக்கு ஒரு பொலேரோ கொடுத்தார். நல்ல மனசு, மறுக்கவில்லை. ஆனால் நடந்தது என்ன? சொந்தமாகக் கட்டிய வண்டி காட்சிப் பொருளாகப் போனது, கம்பெனி வண்டி வீட்டுக்கு வந்தது. அந்தத் தொழிலாளிக்கு நாடு கொடுத்த மிக உயர்ந்த பரிசே, இனி நீ கட்டாதே என்பதுதான்.

இது புது நோயும் இல்லை. கோவையில் ஜி.டி. நாயுடு 1952-ல் இரண்டு பேர் போகும் பெட்ரோல் கார் ஒன்றைச் செய்தார். விலை 2,000 ரூபாய். உற்பத்திக்கு உரிமம் கேட்டார், கிடைக்கவில்லை. கார் அதோடு நின்றது. 1974-ல் அவர் காலமானார். 2025 அக்டோபரில் கோவை அவினாசி சாலையில் பத்து கிலோமீட்டர் நீள மேம்பாலத்தைத் திறந்து அதற்கு ஜி.டி. நாயுடு பெயரை வைத்தார்கள். அவர் காருக்கு உரிமம் இல்லை, மற்றவர்கள் கார் போக அவர் பெயரில் பாலம். உரிமம் மறுத்தது டெல்லி, பாலம் கட்டியது சென்னை என்று சட்டம் பேசுவீர்கள். செத்த பிறகு மாலை போடுவதில் டெல்லிக்கும் சென்னைக்கும் என்ன சண்டை?

எதைக் கேட்டாலும் கடைசியில் வந்து நிற்கும் பதில் ஒன்றுதான்: பாதுகாப்பு. சாலையில் போகும் உயிர்களுக்கு யார் பொறுப்பு? கேட்க வேண்டிய கேள்வி. அரைகுறையாகப் பற்றவைத்த சேசிஸ் வேகத்தில் பிளந்தால் ஓட்டுகிறவன் மட்டும் சாக மாட்டான், எதிரே வருகிறவனும் சாவான். ஒத்துக்கொள்கிறேன். அப்படியானால் புதுக்கோட்டை மாவட்டத்துச் சாலையில் போகும் உயிர்களைப் பற்றியே பேசுவோம்.

திருமயம் பக்கம் போய் அரை மணி நேரம் ரோட்டோரம் நில்லுங்கள். கல்லும் ஜல்லியும் ஏற்றிய டிப்பர்கள் வரிசையாகப் போகும். ஒவ்வொன்றும் விதி 126 தேறிய சேசிஸ். பதிவெண், எஃப்சி என்ற தகுதிச் சான்று, இன்சூரன்ஸ் எல்லாம் காகிதத்தில் பத்திரமாக இருக்கும். கனிமக் கொள்ளையைப் பற்றித் தாசில்தாருக்கும் கலெக்டருக்கும் மனு மேல் மனு போட்டவர் திருமயத்தைச் சேர்ந்த முன்னாள் ஒன்றியக் கவுன்சிலர் ஜகபர் அலி. 2025 ஜனவரி 17 அன்று தொழுகை முடித்து ஸ்கூட்டரில் திரும்பிக்கொண்டிருந்தவர் மீது லாரி ஏறியது. முதலில் விபத்து என்றார்கள். பிறகு கொலை வழக்கானது, குவாரிக்காரர்கள் கைதானார்கள், சிபிசிஐடி கைக்குப் போனது. தீர்ப்பைக் கோர்ட் சொல்லட்டும். அவர் மனுக்களுக்கு உரிய நேரத்தில் யாரும் எஃப்சி பார்க்கவில்லை என்பதைச் சொல்ல எனக்குக் கோர்ட் தேவையில்லை. சான்றிதழ் இருக்கும் லாரி எதை வேண்டுமானாலும் ஏற்றலாம், எத்தனை டன் வேண்டுமானாலும் ஏற்றலாம். சான்றிதழ் இல்லாத ஆம்னி எஞ்சின் முக்கம் தாண்டினால் மட்டும் நாட்டின் பாதுகாப்பு ஆட்டம் காணும்.

இன்னொன்றும் கேட்க வேண்டும். ஒற்றை வண்டியைச் சோதிக்க எங்களுக்கு வழிமுறை இல்லை என்கிறார்களே, அது உண்மைதானா? புதுக்கோட்டைக்காரர்களிடம் போய் அதைச் சொல்லாதீர்கள். திருக்கோகர்ணத்துத் தேர் என்ன கம்பெனியில் வந்தது? கையால் செய்த வண்டி. அதைப் போல இன்னொன்று கிடையாது. படிவம் 21-உம் இல்லை, 22-உம் இல்லை. திருவிழாவுக்கு முன்னால் பொதுப்பணித் துறைக்காரர்கள் வந்து அச்சையும் சக்கரத்தையும் பார்த்து உறுதிச் சான்று கொடுப்பதுதான் தமிழ்நாட்டில் எல்லா ஊரிலும் வழக்கம். மாதிரிக்கு இரண்டு தேரை இடித்துக் காட்டு என்று யாரும் கேட்டதில்லை. 2022 ஜூலை 31 அன்று ஆடிப்பூரத் திருவிழாவில் அதே திருக்கோகர்ணத்துத் தேர் புறப்பட்ட கொஞ்ச நேரத்தில் குப்புறச் சாய்ந்தது. பலர் காயம்பட்டார்கள், ஒரு மூதாட்டி பிறகு ஆஸ்பத்திரியில் இறந்தார். அதற்காகத் தேரே ஓடக்கூடாது என்று சட்டம் போட்டார்களா? இல்லை, சோதனையைக் கூட்டு என்றுதான் பேசினார்கள். சரியான பேச்சு. ஒற்றை வண்டியை எப்படிச் சோதிப்பது என்று இந்த அரசுக்குத் தெரியும். சாமி ஏறினால் தெரியும், ஆசாமி ஏறினால் மட்டும் மறந்துவிடும்.

இங்கிலாந்தில் ரான் சாம்பியன் என்ற ஆசிரியர் 250 பவுண்டில் சொந்தமாக ஸ்போர்ட்ஸ் கார் கட்டுவது எப்படி என்று 1996-ல் ஒரு புத்தகமே எழுதினார். அதில் வரும் சேசிஸுக்கும் அதே ஓர் அங்குல ஸ்கொயர் பைப்தான், அதே 1.6 மில்லிமீட்டர்தான். நம் கீரனூர்ப் பட்டறையில் கிடைக்கும் சரக்கு. அதைப் பார்த்து ஊர் ஊராகக் கார் கட்டினார்கள், அதற்கு லோகாஸ்ட் என்று பெயரும் வந்தது. அந்த நாட்டில் பாதுகாப்பு பற்றிக் கவலை இல்லையா? இருக்கிறது. தனி வண்டிச் சோதனை என்று ஒன்று வைத்திருக்கிறார்கள். கட்டணம் 450 பவுண்டு, நம் கணக்கில் ஏறக்குறைய அரை லட்சம். அதிகாரி பிரேக்கைப் பார்ப்பார், சீட் பெல்ட் பிடித்திருக்கும் இடத்தைப் பார்ப்பார், ஆள் மேல் படும் இடத்தில் கூர்முனை இருக்கிறதா என்று அளவு வைத்துப் பார்ப்பார். தேறாவிட்டால் பட்டியல் கொடுத்துத் திருப்பி அனுப்புவார். சரி செய்து எடுத்து வந்தால் மறுபடி பார்ப்பார். இடிக்க மாட்டார். தேறினால் நம்பர்.

இங்கே இன்ஜினியரிங் கல்லூரி மாணவர்கள் பந்தயத்துக்கென்று ஆண்டுதோறும் சேசிஸ் கட்டுகிறார்கள். வீட்டுப் பணத்தைப் போட்டு, ராத்திரி முழுக்க வெல்டிங் அடித்து, ஒரே ஒரு பந்தயம் ஓட்டி, பிறகு மெக்கானிக்கல் பிளாக்குக்குப் பின்னால் துருப்பிடிக்க விடுகிறார்கள். அந்த வண்டியைச் சாலைக்குத் தகுதியாக்க ஒரு வழி இருந்தால், படித்த படிப்பு பட்டம் வாங்கியதோடு முடிந்திருக்காது.

நாங்கள் கேட்பது சலுகை இல்லை, மானியம் இல்லை, பொன்னாடை நிச்சயமாக இல்லை. விதி 126-இல் ஒரு பத்தி சேருங்கள்: சொந்த உபயோகத்துக்கு ஒருவர் கட்டும் ஒற்றை வண்டியை இடிக்காமல் சோதிக்க ஒரு வழி. ஒரகடத்தில் மாதம் ஒரு நாள் ஒதுக்குங்கள். பிரேக்கைப் பாருங்கள், வெல்டிங்கைத் தட்டிப் பாருங்கள், குறுக்களவை டேப் வைத்து அளந்து பாருங்கள். வேகத்துக்கு வரம்பு போடுங்கள், நெடுஞ்சாலை கூடாதென்றால் கூடாதென்று எழுதுங்கள். கட்டணம் அரை லட்சமா, சேசிஸ் விலையைவிட இரண்டரை மடங்கு, பரவாயில்லை, கட்டுகிறோம். தேறாவிட்டால் திருப்பி அனுப்புங்கள். சோதிக்கவே மாட்டேன், ஆனால் ஓட்டினால் அபராதம் என்பதற்குப் பாதுகாப்பு என்று பெயர் வைக்காதீர்கள்.