எத்தனை மைல் எட்டும்?

நியூ ஜெர்ஸியில் இருக்கிறோம். பெட்டியில் '200 மைல் எட்டும்' என்று போட்ட ஆன்டெனாவை வாங்கலாமா?

பூமி தட்டையாக இருந்தால் வாங்கலாம்! டிவி அலை ஏறக்குறைய நேர்கோட்டில் போகும். 60, 70 மைல் தாண்டினால் பூமியின் வளைவே குறுக்கே நின்றுவிடும். ஆன்டெனாவை வைக்க, மன்ஹாட்டனைப் பார்த்த ஜன்னல் எது என்று முதலில் பாருங்கள். உங்களுக்கான கோபுரங்கள் எம்பயர் ஸ்டேட் கட்டடமும் ஒன் வேர்ல்ட் டிரேட் சென்டரும்தான்.

எல்லாம் வருகிறது, ஏபிசி மட்டும் வரவில்லை. அந்தச் சேனல் 7-க்கு என் மேல் என்ன கோபம்?

கோபம் உங்கள் மேல் இல்லை, சுவரில் ஒட்டியிருக்கும் தகடு ஆன்டெனா மேல்! நியூயார்க் ஏபிசி இன்னும் விஎச்எஃப் அலையில்தான் வருகிறது. அந்த அலையின் நீளம் சுமார் 170 சென்டிமீட்டர். அதில் பாதியாவது நீளம் இருந்தால்தான் ஆன்டெனா அதை நன்றாகப் பிடிக்கும். தகடு ஆன்டெனாக்கள் பெரும்பாலும் இதைவிடக் குட்டையான யுஎச்எஃப் அலைக்காகச் செய்தவை. இரண்டு கம்பி நீளும் பழைய மேஜை ஆன்டெனாவை வாங்கி, கம்பிகளைப் பக்கவாட்டில் முழுசாக விரித்து வையுங்கள்.

பூஸ்டர் போட்டால் சரியாகுமா?

விருந்தாளியே வராதபோது பெரிய இலை போட்டு என்ன பயன்? வந்த சிக்னல் நீளமான கேபிளில் தேய்ந்தால்தான் பூஸ்டர் உதவும். ஆன்டெனாவைப் பரணுக்கோ கூரைக்கோ ஏற்றுங்கள்.

கூரையில் ஆன்டெனா கூடாது என்கிறது எங்கள் குடியிருப்புச் சங்கம்...

சொந்தக் கூரைதானே? அமெரிக்கத் தகவல் தொடர்பு ஆணையத்தின் 1996-ம் ஆண்டு விதி உங்கள் பக்கம். தைரியமாக ஏறுங்கள், ஏணியை ஒருவர் பிடித்துக்கொள்ளட்டும்.

டிஜிட்டல் ஒளிபரப்புக்குத் தனி ஆன்டெனா வேண்டுமா?

வேண்டாம். 1926-ல் ஜப்பானில் உடாவும் யாகியும் உருவாக்கிய ஆன்டெனா வடிவமே இன்றும் போதும்.