வேலையில்லாத ராஜா

கேள்வி: ஒன்பதாம் வகுப்பில் கதை எழுதச் சொன்னால், எல்லாரும் 'ஒரு ஊரில் ஒரு ராஜா' என்றே ஆரம்பிக்கிறார்கள். என்ன செய்வது?
– தமிழாசிரியை ஒருவர், தென்காசி

பதில்: தலைப்புக் கொடுக்காதீர்கள், தடை கொடுங்கள். ப, ம, வ வரிசை எழுத்துகளே இல்லாமல் பத்து வரி எழுதச் சொல்லுங்கள். ராஜா தப்பித்துவிடுவார், ஆனால் அரண்மனை, மந்திரி, படை, வாள் எல்லாம் காலி. வேலையில்லாத ராஜாவிடம்தான் கதையே இருக்கிறது! (மதிப்பெண்ணும் வீட்டுப்பாடமும் சேர்ந்தே ஒழிவதால் பிள்ளைகளுக்குக் கொண்டாட்டம்.) இந்த எழுத்துகளை விலக்கி, உதடு ஒட்டாமல் பாடும் நிரோட்டகம் நம் பழைய சரக்குதான். புலவர் சிவப்பிரகாசர் 17-ஆம் நூற்றாண்டிலேயே திருச்செந்தூர் முருகன்மேல் அப்படி ஓர் அந்தாதி பாடியிருக்கிறார், அதுவும் ஒரே எழுத்துத் தொடர் வெவ்வேறு பொருளில் திரும்ப வரும் யமகத்தில். முதல் தாளை நீங்கள் எழுதுங்கள் டீச்சர். மார்க்கைப் பிள்ளைகள் போடட்டும்.