வள்ளுவர் ஆண்டு வேஷமா?

கேள்வி: தோளில் துண்டு, அழைப்பிதழில் 'திருவள்ளுவர் ஆண்டு'... நம் தலைவர்களின் பழம்பெருமை வேஷம்தானே இதெல்லாம்?

பதில்: துண்டை விடுங்கள், அது அவரவர் தோள். தேதி விஷயத்தில் நான் தலைவர்கள் பக்கம். ஆங்கில ஆண்டோடு 31-ஐக் கூட்டினால் வள்ளுவர் ஆண்டு. ஜனவரியில் தை பிறக்கும்வரை மட்டும் 30. தமிழ்நாடு அரசிதழைப் புரட்டுங்கள். ஆங்கிலத் தேதிக்குப் பக்கத்திலேயே தமிழ் மாதம், ஆண்டின் பெயர், வள்ளுவர் ஆண்டு மூன்றும் இருக்கும். அந்த மூன்றாவதுதான் உயிர்நாடி. வெறும் 'குரோதி, ஆவணி 5' என்று எழுதிய பத்திரம் பரணில் கிடைத்தால், அது 1964-ஆ, 1904-ஆ? 60 ஆண்டுச் சக்கரம் சுற்றிச் சுற்றி அதே பெயருக்கு வந்து நிற்கும். தொடர்ந்து எண்ணும் கணக்கில் அந்தத் தொல்லை கிடையாது.

ராஜாக்கள் தாங்கள் முடிசூடியதிலிருந்து எண்ணினார்கள். பெரிய கோயில் விமானத்துக்கு ராஜராஜன் கலசம் கொடுத்தது ஆட்சியின் 25-ஆம் ஆண்டு, 275-ஆம் நாள் என்று தஞ்சைக் கல்வெட்டு சொல்கிறது. ஆயிரம் ஆண்டு கழித்தும் நாள் பிசகவில்லை! நம் ஊர் அடிக்கல்லில் அமைச்சர் பெயர் கொட்டை எழுத்தில், தேதி மூலையில், அதிலும் பாதி பெயின்ட் உதிர்ந்து. எந்த ஆண்டுக் கணக்கில் வேண்டுமானாலும் போடட்டும். வேலை தொடங்கிய தேதியோடு முடித்த தேதியையும் அதே கல்லில் ஆழமாக வெட்டச் சொல்லுங்கள்.