கித்தான் கூரையும் ஐந்திணை ஒழுக்கும்: ஒரு முன்னோட்ட ஆய்வு

பழைய லேண்ட்ரோவரை முதன்முதலாக வாங்கியவர் அதை எப்படிப் பேண வேண்டும் என்பது பற்றிக் கேமரன் மலையில் ஆளுக்கொரு கருத்து உண்டு; ஆய்வு மட்டும் இல்லை. அக்குறையைத் தீர்க்கும் தகுதி எமக்கு இரு வகையில் வாய்த்தது. ஒன்று, தமிழ்ப்பள்ளியில் முப்பது ஆண்டு இலக்கணம் நடத்தியவர் யாம். மற்றது, யாம் வாங்கிய வண்டி ஒழுகுகிறது. இரண்டாவதே முதன்மையான தகுதி எனினும், மரபு கருதி முதலாவதை முன்வைத்தோம்.

முதற்கண் வரலாறு. 1885-இல் வில்லியம் கேமரன் இம்மலையை அளக்க வந்தபோது லேண்ட்ரோவரில் வரவில்லை என்பதில் அறிஞரிடையே கருத்து வேறுபாடு இல்லை. அவர்கள் ஒத்துப்போகும் கடைசி இடமும் இதுவே. 1929-இல் போ தேயிலைத் தோட்டம் தொடங்கியபோதும் அவ்வண்டி பிறக்கவில்லை. 1948 ஏப்ரல் 30 அன்று ஆம்ஸ்டர்டாம் கண்காட்சியில்தான் அது உலகின் முன் நிறுத்தப்பட்டது. அதற்கு முந்தைய ஆண்டு, வேல்ஸ் நாட்டின் ஆங்கில்சி தீவுக் கடற்கரையில், மோரிஸ் வில்க்ஸ் என்னும் பொறியாளர் அதன் உருவை மணலில் வரைந்து தம் அண்ணனுக்குக் காட்டினார் என்பது செவிவழிச் செய்தி. அம்மூலப் படம் கடல்கோளில் அழிந்தது. ஆகவே நமக்கு வேண்டியதெல்லாம் அதில் இருந்தது என்று துணிந்து கூறலாம். இந்த ஆய்வுமுறை நம்மவர்க்குப் புதிதன்று.

இனி உறுப்பியல்.

எஞ்சின்: ஓடினால் சத்தம், ஓடாவிட்டால் செலவு.

பிரேக்: சுங்கை பாலாஸ் இறக்கத்தில் வைத்து ஆய்வு செய்யற்க.

உடல்: போருக்குப் பின் இங்கிலாந்தில் எஃகுக்குத் தட்டுப்பாடு வந்ததால் அலுமினியக் கலவையால் ஆனது. அடிச்சட்டமோ எஃகு. இரண்டும் தொட்டுக்கொள்ளும் இடத்தில் ஈரம் சேர்ந்தால் அலுமினியம் வெண்பொடியாய் உதிரும். எஃகு தன் பங்குக்குத் துருவேறும். செம்மண் சேறு சட்டத்தின் வடிகால் துளைகளை அடைத்து ஈரத்தை உள்ளேயே வைத்திருக்கும். ஆகவே தோட்டத்துக்குள் போய்வந்த அன்றே அடிப்பக்கத்தைக் குழாய் நீரால் பீய்ச்சிக் கழுவி, துளைகளைக் கம்பியால் குத்திவிட வேண்டும். வண்டியின் ஆயுளே இதில்தான் இருக்கிறது. இவ்வளவு பயனுள்ள செய்திக்கு ஆய்வுக்கட்டுரையில் இதற்குமேல் இடமளிப்பது முறையன்று.

எஞ்சியது கூரை. யாம் வாங்கியது 1971 முதல் 1985 வரை வந்த மூன்றாம் வரிசையில் குட்டை வண்டி, 88 அங்குலம். அதன் கூரை கித்தான். இச்சொல்லைக் கித்தாவோடு குழப்பலாகாது. கித்தா என்பது ரப்பர். மலாய்ச் சொல்லின் வழி வந்தது. கித்தான் என்பது முரட்டுத் துணி. கீழே மழை பெய்தால் கித்தாக் காட்டில் பால்வெட்டு நின்றுவிடும். மேலே மழை பெய்தால் கித்தானில் அப்போதுதான் வேலை தொடங்கும். ஓர் ஒற்றெழுத்து செய்யும் வேறுபாடு இது. இதன்மேல் முனைவர் பட்டம் இன்னும் யாரும் வாங்காதது வியப்பே.

கித்தானிலிருந்து வருவது ஒழுக்கு. அகத்திணையைச் சான்றோர் ஒழுக்கம் என்றே வழங்கினர். ஒழுக்கு, ஒழுக்கம் இரண்டும் ஒழுகுதலில் பிறந்தவை. எனவே ஒழுக்கும் ஐந்து திணைப்படும் என்பது எம் துணிபு. (ஆதாரம்: காப்பிக்கடைப் பேச்சு, முதற்பதிப்பு.)

குறிஞ்சி ஒழுக்கு. பொழுது யாமம்; உரிப்பொருள் புணர்தல். வெளியே மழை இல்லை, மூட்டம் மட்டும். ஆயினும் ஆறேழு பேர் மூச்சுவிட்ட வெப்பம் குளிர்ந்த கித்தானோடு புணர்ந்து உட்புறத்தில் நீராய்த் திரளும். இதை ஒழுக்கு எனல் வழு, வியர்வை எனல் தகும் என்பாரும் உளர். (மேற்படி கடை, மூன்றாம் மேசை, இரண்டாம் குவளை, ஆடை படிந்த பின்.) தீர்வு, பின்திரையைச் சற்றே தூக்கிவிடுவது. அப்போது குளிரும். குளிர்வதும் குறிஞ்சியே.

முல்லை ஒழுக்கு. பொழுது மாலை, உரிப்பொருள் இருத்தல். மழை நிற்கும்வரை பிரிஞ்சாங் கடைவாசலில் இருத்தல். வேறு குறிப்பு இல்லை.

மருத ஒழுக்கு. பொழுது வைகறை, உரிப்பொருள் ஊடல். சந்தைக்குப் புறப்பட்ட எம் மனைவியார், "எங்கெங்க ஒழுகுதுன்னு உங்களுக்குத் தெரியலையா? இதோ, இங்க!" என்று உள்ளிருந்து விரலால் தொட்டுக் காட்டினார். நனைந்த பருத்திக் கித்தானை உட்புறம் தொட்டால் நீர் விரலைப் பற்றி உள்ளே இறங்கிவிடும் என்பது இத்துறையின் அரிச்சுவடி. அதுவரை ஒழுகாத அவ்விடமும் ஒழுகிற்று. "இங்கயும்" என்று அதன் பக்கத்தில் தொட்டார். சுட்டிக்காட்டும் தோறும் பிழை பெருகும் என்பதை எம் ஆய்வேட்டை மதிப்பிட்டவரிடம் கண்டிருக்கிறோம். துணியில் காண்பது இதுவே முதல். (மனைவியார், வாய்மொழி, அதிகாலை, வெளியிடப்படாதது, வெளியிடத் தக்கதும் அன்று.)

நெய்தல் ஒழுக்கு. பொழுது எற்பாடு; உரிப்பொருள் இரங்கல். கடலே இல்லாத மலையில் நெய்தல் ஏது என்பார், திணைமயக்கம் என்னும் சொல் எத்தனை பேராசிரியரைக் கரைசேர்த்தது என்பதை அறியாதார். இங்கே ஒழுக்கு ஓட்டுநரின் வலது முழங்காலில், கதவும் கூரையும் சந்திக்கும் மூலையிலிருந்து, சொட்டு சொட்டாக இறங்கும். ஆய்வரங்குகளில் எமக்குப் போர்த்திய பொன்னாடைகளை அங்கே ஒவ்வொன்றாக விரித்துப் பார்த்தோம். ஒன்றுகூட ஒரு சொட்டும் உறிஞ்சவில்லை. அவ்வரங்குகளில் எதுவும் உள்ளே இறங்குவதில்லை என்ற எம் நெடுநாள் ஐயம் தெளிந்தது. அச்சொட்டு காலிலிருந்து தெறித்துப் பின்பக்கம்வரை போகும் என்பதற்குச் சான்று உண்டு. (கியா ஃபார்மில் ஏற்றிய முட்டைக்கோசுக் கூடை, இடப்பக்கம், மேலிருந்து நான்காம் கோசு, வெளியிதழ், காம்படி ஈரம், ஒப்பிடுக: மேற்படி கூடை, அடிக்கோசு, ஈரம் இன்று, மறுப்பு: கூடைக்காரர், தம் கோசு எக்காலத்தும் நனையாது என்பார், மறுப்புக்கு மறுப்பு: அவரே, எடைபோட்டு விலைபேசிய பின்.)

இந்த ஒழுக்கின் காரணம் தேடி பொமென் எனப்படும் வண்டி பழுதுபார்ப்பவர் ஒருவரிடம் போனோம். அவர் கூரையைப் பார்க்கவில்லை, எம்மைப் பார்த்தார்.

"சோப்பு போட்டீங்களா சார்?"

"வாங்கின முதல் ஞாயிற்றுக்கிழமை. கொஞ்சம்."

"எவ்வளோ?"

"ஒரு பாக்கெட்."

அவர் சற்று நேரம் பேசவில்லை. பிறகு சொன்னது, எம் நூலகம் சொல்லாதது. பருத்தி நூல் மழையில் நனைந்தால் தானே உப்பி இடுக்கை அடைத்துக்கொள்ளும். சோப்புத்தூள் துணியில் ஏற்றியிருந்த மெழுகைக் கரைத்துவிடும். தங்கிய சோப்பு நீரை உள்ளே அழைக்கும். "காஞ்ச பிரஷ்ல தட்டணும், பச்சத்தண்ணி ஊத்தணும், முழுசா காயணும். அவ்ளோதான். தையல் மேல மெழுகு தேச்சு விடுங்க. ஈரத்தோட மடிச்சீங்க, கறுப்பு கறுப்பா பூசணம் புடிச்சிரும் சார்."

காயவைப்பது எங்கே? இம்மலையில் காலைவெயில் சில மணிநேரந்தான். பிற்பகலில் மழை, இரவில் மூட்டம். இந்த இடத்தில்தான் ஐந்தாம் திணை எமக்குக் கைகொடுத்தது.

பாலை ஒழுக்கு. பொழுது நண்பகல், உரிப்பொருள் பிரிதல். நனைந்த கயிறு இறுகும் என்று படித்திருந்ததால் முன்கூட்டியே முடிச்சுகளைத் தளர்த்தினோம். யாம் படித்த பகுதியில் எவ்வளவு தளர்த்துவது என்ற அளவு இல்லை. தோட்டச்சாலை வளைவில் காற்றடித்தது. கித்தான் எம்மைப் பிரிந்தது. 1967 மார்ச் 26 அன்று இம்மலையில் உலாவப் போய் இன்றளவும் திரும்பாத பட்டு வணிகர் ஜிம் தாம்சனுக்குப் பின், துணித்துறைக்கு இங்கு நேர்ந்த பெரிய இழப்பு இது என்று எண்ணி ஒரு மணிநேரம் தேடினோம். சரிவில் கொழுந்து வெட்டிக்கொண்டிருந்த வங்காளதேசத் தொழிலாளர் இருவர் சிரித்துக்கொண்டே கையைக் காட்டினர். தேயிலை நிரைமேல் அது முழுதாய் விரிந்து கிடந்தது. மேலே வெயில், அடியில், கத்தரித்துச் சமமாக்கிய செடிகளின் ஊடே காற்று. வாங்கிய நாள் முதல் அது அப்படிக் காய்ந்ததில்லை.

அன்றே தையலில் மெழுகு தேய்த்தோம். நான்கு திணைகள் அடங்கின. வலது முழங்கால் மூலை மட்டும் இன்னும் தன் மரபில் நிற்கிறது.

இக்கட்டுரையின் இரண்டாம் பகுதியில் அம்மூலைக்கான தீர்வும், வளையும் கண்ணாடித்தாள் சன்னல்களைத் துடைக்கும் முறையும், கயிற்றைத் தளர்த்தும் அளவும் சான்றுகளோடு இருந்தன. ஈப்போ ஆய்வரங்குக்குச் சிம்பாங் பூலாய் வழியாக இறங்கியபோது அதை வலது முழங்காலருகே வைத்திருந்தோம். அப்பகுதி கடல்கோளில் அழிந்தது. அதில் எல்லாம் இருந்தன.